கூர்ப்பைக் கடந்து செல்லும் வகுப்பறை



பாடசாலையில் பரிணாமம் எனப்படும் கூர்ப்பைக் கற்பிப்பதா, படைப்பைக் கற்பிப்பதா என்பது இந்த ஆய்வரங்கின் பொருள். கேள்வி இந்த வடிவில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1925 இல் டெனசி மாநிலத்தில் ஜோன் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர், மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் என்று கற்பித்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். நூறு டொலர் தண்டம் விதித்தார்கள். பின்னர் படைப்புவாதிகள், தடை வேண்டாம், இரண்டுக்கும் சம இடம் தாருங்கள் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட லூசியானா மாநிலச் சட்டத்தை 1987 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2005 இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் அதே கருத்து ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் வந்தபோது, அது விஞ்ஞானம் அன்று, சமயமே என்று நீதிபதி ஜோன் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்.

அந்த வழக்குகளை அப்படியே நம் மட்டக்களப்புச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுவர முடியாது. படைப்புக்குச் சம நேரம் என்றால், யாருடைய படைப்புக்கு? நம் மாவட்டத்தில் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் படிக்கிறார்கள். சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைப் படிக்கிறார்கள். பௌத்தத்தில் உலகைப் படைத்த கடவுள் இல்லை. சைவ சித்தாந்தத்தில் இறைவன் உயிரைப் படைப்பதே இல்லை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய கட்டும் தொடக்கமற்றவை. உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் உலகையும் நுகர்ச்சியையும் கொடுப்பதே அங்கே படைப்பு. பூமிக்கு ஆறாயிரம் ஆண்டு வயது என்ற கணக்கோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கலியுகம் ஒன்றுக்கே நான்கு இலட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஆண்டு கணித்த மரபு நம்முடையது. ஆகவே டெனசியின் சண்டையை நாம் இரவல் வாங்க வேண்டிய தேவையில்லை.

நம்முடைய சிக்கல் மௌனம். க.பொ.த. உயர்தர உயிரியலில் கூர்ப்பு முறையான அலகாக இருக்கிறது. யாரும் அதைத் தடைசெய்யவில்லை. ஆனால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் கைகூப்பி நிற்கும் மாணவி அடுத்த கிழமை வகுப்பில் டார்வினைப் படிக்கும்போது, “சேர், குரங்கிலிருந்து மனுசன் வந்தா, இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?” என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. இன்றுள்ள எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வரவில்லை. இருவருக்கும் மிகப் பழைய பொது மூதாதை ஒன்று உண்டு. அங்கிருந்து கிளைகள் பிரிந்தன. இதைக் கரும்பலகையில் ஒரு மரமாக வரைந்தால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். நாமோ “சோதினைக்கு இப்படி எழுது, மனசில எதையும் நம்பு” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் விஞ்ஞானமும் கெடுகிறது, அவளுடைய நம்பிக்கையும் கெடுகிறது. புள்ளி எடுப்பதற்காக மட்டும் ஓர் உண்மை உண்டு என்று பிள்ளைக்குக் கற்பித்தவர்களாகிறோம்.

மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தியா கண்முன்னே இருக்கிறது. 2018 சனவரியில் அந்நாட்டின் கல்வித்துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் பார்த்ததில்லை, டார்வின் கொள்கை தவறு, அதைப் பாடத்திட்டத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். மூன்று தேசிய விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. கூச்சல் எழுந்தது, அடங்கியது. உண்மையான மாற்றம் கூச்சலில்லாமல் வந்தது. கொவிட் காலத்துப் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து கூர்ப்பை எடுத்தது. ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் ‘பாரம்பரியம்’ என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துத் திறந்த மடலில் கையொப்பமிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறது, உயிரியலைத் தெரிவு செய்தவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கின்றன. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே கண்ணால் நம்மையும் பார்ப்போம். நம் உயர்தரத்தில் கலைப் பிரிவுக்கும் வர்த்தகப் பிரிவுக்கும் போகிற பிள்ளை அந்தக் கூர்ப்பு அலகை ஒருநாளும் திறப்பதில்லை. நாளைக்குப் பிரதேச சபையிலும் பாராளுமன்றத்திலும் இருந்து முடிவெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தாம்.

மேலைநாட்டு விஞ்ஞானத்தின் மீது நம்மவர்க்கு இருக்கும் ஐயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் டானியல் பூவர் பாதிரியாரின் கணிப்புக்கும் விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்துக்கும் தொடக்க நேரத்தில் கால்மணி வேறுபாடு. பாதிரியார் கணித்தபடியே கிரகணம் தொடங்கியது. வானியல் வென்றது என்று அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, பஞ்சாங்கம் பிழையாயிற்று, ஆகவே உங்கள் சமயமும் பிழை என்று அந்த வெற்றி மதமாற்றப் பிரசாரமாயிற்று. விஞ்ஞானத்தை ஒரு சமயம் இன்னொரு சமயத்தை அடிக்கும் தடியாக எடுத்தது அப்போதும் தவறு, இப்போதும் தவறு. கூர்ப்பு வகுப்பில் நின்று கடவுளை மறுப்பது விஞ்ஞான ஆசிரியரின் வேலையன்று.

அந்தக் காயத்துக்கு நாம் தேடிக்கொண்ட மருந்தும் சரியானதன்று. எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்பதே அந்த மருந்து. மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் என்று தசாவதாரத்தை வரிசைப்படுத்தி அதுவே கூர்ப்பு என்கிறோம். 2019 இல் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டு மேடையிலேயே ஒரு துணைவேந்தர் இதைச் சொன்னார். தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்தது வியக்கத்தக்க பார்வை; ஆனால் அது வகைப்பாடு, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்ற விளக்கம் அன்று. சிவபுராணத்தில் மணிவாசகர் புல்லாகவும் புழுவாகவும் மரமாகவும் பறவையாகவும் பிறந்து இளைத்ததைச் சொல்லி உருகுவது ஓர் உயிரின் பிறவிப் பயணம். அதை உயிரியல் பாடக்குறிப்பாக்கினால் அந்த உருக்கத்தையே அழித்துவிடுவோம். பக்தியை பக்தியாகவே விடுங்கள்.

பிறகு எதைக் கொண்டு கற்பிப்பது? நம் வீட்டுச் சுவரைக் கொண்டு கற்பிக்கலாம். கிழக்கு மாகாணம் மலேரியாவில் வாடிய நிலம். 1940களின் நடுவிலிருந்து வீடுவீடாகச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1963 இல் முழு இலங்கையிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் பதினேழு பேர். தெளிப்பைத் தளர்த்தினார்கள்; 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி தெளித்தார்கள். நுளம்பு முன்போல் சாகவில்லை. 1977 இல் டி.டி.டி.யை விட்டு மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

நுளம்பு மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது என்றுதான் ஊரில் சொல்வோம். தனி நுளம்பு எதையும் பழகவில்லை. கோடிக்கணக்கான நுளம்புகளில் மருந்தைத் தாங்கும் பிறவிக்கூறு உள்ளவை சில முன்பே இருந்தன. மற்றவை செத்தன, இவை பெருகின, அவற்றின் குஞ்சுகளும் அந்தக் கூறோடு பிறந்தன. டார்வின் 1859 இல் எழுதிய இயற்கைத் தேர்வு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நம் திண்ணையில் நடந்து முடிந்தது. எவரும் பார்த்ததில்லை என்ற அமைச்சரின் பேச்சுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததில், நுளம்பின் மருந்தெதிர்ப்பை இடைவிடாமல் அளந்து மருந்தை மாற்றிய உழைப்பும் அடங்கும். கூர்ப்பு தெரியாதவர்களால் அதைச் செய்திருக்க முடியாது.

சமயமும் விஞ்ஞானமும் ஒரு மனிதருக்குள் பகையின்றி இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேறு ஊர் தேட வேண்டியதில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்து, மட்டக்களப்பில் கிறித்தவப் பாடசாலைகளில் படித்து, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராயிருந்து, 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1924 இல் துறவு பூண்டவர் விபுலாநந்த அடிகள். தாம் எழுதிய யாழ்நூலில் பண்களைப் பற்றிப் பேசும்போதும் அவர் நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் கணக்கிட்டே பேசினார். காவி உடுத்தவர் அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் முயற்சிக்கும் தலைமை தாங்கினார்.

இன்று பிற்பகல் அமர்வில் ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கப்போகிறேன். எந்தத் துறைக்குப் போகிற பிள்ளையும், பாடசாலையை விட்டு வெளியேறுமுன், இயற்கைத் தேர்வையும் பொது மூதாதையையும் சான்றுகளோடு முழுமையாக ஒருமுறை கற்றிருக்க வேண்டும் என்று தேசிய கல்வி நிறுவகத்தைக் கேட்போம். அதற்கான பாடக்குறிப்புகளை நாமே எழுதுவோம்: மரத்திலேயே முளைவிடும் கண்டல் விதை, வாவிக்கரைச் சேற்றில் துடுப்பூன்றி ஏறும் மீன், மருந்தைத் தாங்கிய நுளம்பு. சமய பாட ஆசிரியர்களும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாணவியின் கேள்வி இரு வகுப்பறைகளுக்கும் வருகிறது. திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் மதிய உணவுக்கு முன் எழுத்தில் தாருங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, இந்த ஆய்வரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.