வெட்டு மெசினின் சுவிச் பழுதானால் நேரடி இணைப்பு வேண்டாம்

(மீளக்குடியேறிய குடும்பங்களுக்கான தொழில் உதவிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

2006 இன் கடைசியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரையையும் படுவான்கரையையும் விட்டுக் கையில் அகப்பட்டதோடு வெளியேறினீர்கள். பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்துவிட்டு இப்போது ஊர் வந்திருக்கிறீர்கள். வந்ததும் முதல் வேலை வீடுதான். கைமரம் அறுக்க வேண்டும், சிலாகை வெட்ட வேண்டும், கம்பி துண்டாக்க வேண்டும். அதனால் ஓடாவிமாருக்கும் மேசன்மாருக்கும் இன்று கைகொடுப்பது மின்சார வெட்டு மெசின்.

அண்மையில் வீடு வீடாகப் போனபோது ஓர் ஓடாவி ஐயாவின் வட்ட வாளைப் பார்த்தேன். கைபிடியில் சுவிச் இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது. “சுவிச் போயிற்றுத் தம்பி. வயரை நேரே குடுத்திருக்கன். பிளக்கைச் செருகினா ஓடும், கழற்றினா நிக்கும்” என்றார். பக்கத்தில் அவருடைய பேரப்பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது.

நான் கலைப்பிரிவில் படித்தவன், மின்வேலை தெரிந்தவன் அல்ல. ஆனால் அன்று பயந்துபோனேன். மெசின் திருத்துகிறவர்களிடம் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நேரடி இணைப்பு ஏன் ஆபத்து? வாள் பலகையில் இறுகிப் பின்னால் எகிறும்போது, விரலை விட்டவுடன் மின்சாரம் அறுபட வேண்டும். பிளக்கைத் தேடி ஓட அப்போது நேரம் இல்லை. இன்னொன்று, வேலை நடுவில் கரண்ட் போகும். மெசினைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவீர்கள். கரண்ட் திரும்பி வந்ததும் வாள் தானாகச் சுழலும். சுவிச்சை றப்பர் வளையத்தால் கட்டி வைப்பதும் இதே ஆபத்துத்தான். ஆகையால் கரண்ட் போனால் முதலில் சுவிச்சை விடுங்கள், பிறகு பிளக்கைக் கழற்றுங்கள்.

மெசின் ஓடவில்லை என்றால் உடனே சுவிச்சைக் குறை சொல்ல வேண்டாம். ஒழுங்காகப் பாருங்கள்.

முதலாவது, அதே பிளக் பொயின்றில் ஒரு மின்விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் குறை மெசினில் இல்லை. விளக்கு எரிந்தால் மெசினின் பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். இனிச் சொல்லும் எல்லாம் பிளக் கழற்றிய பிறகுதான்.

இரண்டாவது, வயர். கைபிடிக்குள் நுழையும் இடத்தில்தான் அது மடிந்து மடிந்து உள்ளே அறுபடும். வயரை அசைக்கும்போது மெசின் விட்டு விட்டு ஓடியிருந்தால் பெரும்பாலும் குறை அங்கேதான்.

மூன்றாவது, மோட்டரின் இரு பக்கமும் இருக்கும் காபன் துண்டுகள். தேய்ந்து 5 மில்லிமீற்றர் அளவுக்கு வந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இவை சரியாக இருந்தால் சுவிச்சுக்கு வாருங்கள். கைபிடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று முதலில் தாளில் வரைந்து வையுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் இருந்த மெசின் என்றால் உள்ளே எறும்பும் மண்ணும் இருக்கும். வாவிக்கரை உப்புக்காற்றில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பிளாஸ்ரிக் உருகியோ கருகியோ இருந்தால் சோதிக்கத் தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மீற்றர் இல்லாதவர்களும் சோதிக்கலாம். இரண்டு ரோச் பற்றரி, ஒரு சின்ன ரோச் பல்பு, இரண்டு துண்டு வயர் போதும். சுவிச்சில் இருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் முனையையும் அதற்கு நேரான வெளியே போகும் முனையையும் இந்தச் சுற்றில் இணையுங்கள். அழுத்தினால் பல்பு பிரகாசமாக எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். நான்கு முனை இருந்தால் இரண்டு சோடியையும் இப்படியே பாருங்கள். அழுத்தியும் எரியாவிட்டால், அல்லது மங்கி மினுங்கினால், உள்ளே தொடும் தகடுகள் கருகிவிட்டன. விட்ட பிறகும் எரிந்துகொண்டிருந்தால் தகடுகள் ஒட்டிவிட்டன. இதுதான் மிக மோசமான பழுது. அந்த மெசினை ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிச்சுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதைத் திருத்துநரிடம் கொடுங்கள்.

புதுச் சுவிச் வாங்கும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதில் எழுதியிருக்கும் வோல்ற், அம்பியர் அளவுக்குக் குறையக்கூடாது. 1200 வாற் மெசின் 230 வோல்ற்றில் 5 அம்பியருக்கு மேல் இழுக்கும். விலை மலிவு என்று 3 அம்பியர் சுவிச் போட்டால் அது விரைவில் கருகிவிடும். பச்சை நிற எர்த் வயர் இருந்தால் அதை வெட்டி விடாமல் பழைய இடத்திலேயே இறுக்குங்கள். வயர் முனைகளில் வெளியே நீட்டி நிற்கும் செப்பு இழை இருக்கக்கூடாது.

பூட்டி முடித்ததும் வாளையோ வெட்டுத் தட்டையோ கழற்றிவிட்டுச் சோதியுங்கள். சுவிச் ‘ஓஃப்’ இல் இருக்கும்போது பிளக்கைச் செருகினால் மெசின் அசையக்கூடாது. அழுத்தினால் ஓட வேண்டும், விட்டால் தானாக ஓய வேண்டும். பத்துத் தடவை இப்படிப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி வாளைப் பூட்டுங்கள். வாளின் காப்பு மூடியையும் திரும்பப் பூட்டுங்கள்.

இன்னும் சில வார்த்தைகள். அயல்வீட்டில் இருந்து வயர் இழுத்து வேலை செய்கிறவர்கள் தடித்த வயரையே பாவியுங்கள், சுருளை முழுவதும் விரித்து விடுங்கள். சுருண்ட வயர் சூடேறும். மழை ஈரத்தில் மெசினைத் தொடாதீர்கள். விட்டுப்போன சாமான்களைத் தேடிப் பற்றைக்குள்ளோ இடிந்த வீட்டுக்குள்ளோ போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று அறிவித்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

அந்த ஓடாவி ஐயா இப்போது புதுச் சுவிச் பூட்டியிருக்கிறார். “இத்தனை நாளும் பேரன் பக்கத்தில வந்தா ஏசித் துரத்தினன். இப்ப பயமில்லாம வேலை செய்யிறன்” என்றார். பிள்ளைகளைத் தூர வைப்பது எப்போதும் நல்லதுதான் என்று அவரிடமும் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்.

இத்தனை இழப்புக்குப் பிறகு வீடு கட்ட வந்திருக்கிறீர்கள். ஒரு சுவிச்சின் விலைக்காக ஒரு விரலையும் இழக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மெசினைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். திருத்துநரும் அங்கே இருப்பார், சேர்ந்து பார்ப்போம்.