பிள்ளை வாற வாசல்



பிரசவம் பார்த்தே வாழ்ந்து முடித்த ஓர் அம்மாவின் நினைவாகப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அதனால் ஒரு கிளினிக் அறிவித்தலில் இருந்தே தொடங்குகிறேன்.

என் சின்னம்மா கலியாணம் செய்யாதவர். "தாய்மார் அனைவரும் வருக" என்று ஒரு முறை அறிவித்தல் வந்தது. "நான் ஆருக்குத் தாய்?" என்று மடித்து வைத்துவிட்டார். அடுத்த முறை 'கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை' என்று போட்டிருந்தது. தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இதில ஒண்டும் இல்லையே பிள்ளை" என்றார். பிறகு குடும்பநல உத்தியோகத்தர் வந்து விறாந்தையில் இருந்து, "அன்ரி, அது பிள்ளை வாற வாசல். பெத்தவை, பெறாதவை எல்லாப் பொம்பிளையளுக்கும் இருக்கு. 35 வயது வந்தால் பாக்கவேணும்" என்று சொன்னார். அதன் பிறகுதான் போனார்.

முதல் அறிவித்தல் அவரை வெளியே விட்டது. இரண்டாவது அவருக்கு விளங்கவே இல்லை.

இந்த இரண்டும்தான் இன்று உலகெங்கும் நடக்கிற விவாதம். இங்கிலாந்தின் பிறைற்றன் மருத்துவமனைகள் 2021 பெப்ரவரியில், பிள்ளை பெறும் திருநம்பிகளையும் எண்ணி, 'பெண்கள்' என்ற சொல்லோடு 'பிள்ளை பெறும் மற்றவர்கள்' என்பதையும் சேர்த்தன. அடுத்த ஆண்டு அந்நாட்டுச் சுகாதார சேவையின் சூலகப் புற்றுநோய் விளக்கக் குறிப்பின் தொடக்கத்தில் 'பெண்' என்ற சொல்லே எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்து, சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித் வரை எதிர்த்தார். என் எண்ணத்தில் சேர்த்தது சரி, எடுத்தது பிழை. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எங்கள் புலம்பெயர்ந்த தாய்மார் அந்தக் குறிப்பைப் பார்த்தால் 'பெண்' என்ற சொல்லைத்தானே முதலில் தேடுவார்கள்?

எல்லோரையும் சேர்க்கிற சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை: 'அவர்' இருக்கிறது, 'பிள்ளை' இருக்கிறது. ஆணா பெண்ணா என்று கேளாமல் மரியாதை தருகிற சொற்கள் இவை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் வழியே, 2022இல் தமிழ்நாடு அரசு திருநர், திருநம்பி, பால்புதுமையர் முதலிய சொற்களைக் கொண்ட சொல்தொகுதியை அரசிதழில் வெளியிட்டது. எங்கள் மருத்துவமனைப் பதிவு மேசைகளிலும் அது இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மருத்துவத்துக்கு மக்களின் சொல்லைத் தேடுகிற இந்த வேலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லை. அதனால் தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம் 1857இல், மனுஷ அங்காதிபாதம் 1872இல் தமிழ் நூல்களாக வந்தன. 'கெமிஸ்தம்' என்று வேதியியலுக்குப் பெயர் வைக்கவும் அவர் தயங்கவில்லை. ஒரு சொல் அழகா என்பதை விட, அது நோயாளியிடம் போய்ச் சேருமா என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

'விசர்' என்ற சொல்லை நாங்கள் மெல்ல மெல்ல விட்டு 'உளநலம்', 'நெருக்கீடு', 'உளவளத்துணை' என்று பேசப் பழகியதும் இந்த மண்ணில்தான். போர் தந்த காயங்களைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொற்கள் வந்த பிறகு, மறைத்து வைத்திருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

நெடுந்தீவில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகிறவருக்கு ஒரு கிளினிக் என்றால் ஒரு முழு நாள். அங்கே ஒரு சொல் அவரைக் கூச வைத்தாலோ விளங்காமல் போனாலோ, அடுத்த தவணைக்கு அவர் வரமாட்டார்.

சுகாதாரத் திணைக்களத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். அறிவித்தலை அச்சுக்குக் கொடுக்குமுன், குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். யாராவது தன் கழுத்தைத் தடவிப் பார்த்தால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்.