வடக்கு மினசோட்டாக் காட்டில் இரண்டு இரவுகள்

(நாக்பூர் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் பிள்ளையிடமோ பெண்ணிடமோ போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் இந்த ஹாலில் பாதிப் பேராவது இருப்பீர்கள். நயாகரா, வெள்ளை மாளிகை, பிட்ஸ்பர்க் கோயில் எல்லாம் பற்றி இந்த மேடையில் பலர் பேசியாகிவிட்டது. "அதையெல்லாம் விடுங்கோ, காட்டில் போய்ப் படுத்துண்டேளாமே, அதைச் சொல்லுங்கோ" என்று நமது செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே அதைச் சொல்கிறேன். நான் பாட்டனி படித்தவன், முப்பத்தைந்து வருடம் மத்திய சர்க்காரில் ஃபைல் பார்த்தவன். இரண்டு புத்தியும் பேச்சில் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2023 செப்டம்பர் கடைசி வாரம். என் பிள்ளை இருப்பது மினியாபொலிஸில். அங்கிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் ட்யூலூத் என்ற துறைமுக ஊர் வரும். அங்கே தொடங்குகிறது லேக் சுப்பீரியர். பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி, 82,000 சதுர கிலோமீட்டர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது, சமுத்திரம்தான். கரையோரமாகவே நெடுஞ்சாலை 61-ல் இன்னும் ஒன்றரை மணிக்கு மேல் போனால் டாஃப்டி என்ற சிற்றூர். அங்கே இடது பக்கம் திரும்பி மண் ரோடு பிடித்தால் சுப்பீரியர் தேசியக் காட்டுக்குள் போய்விடுகிறோம். 1909-ல் ஏற்படுத்தப்பட்ட காடு, ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர். அதன் வடக்குப் பகுதியில், கனடா எல்லையை ஒட்டி, சுமார் 11 லட்சம் ஏக்கரை மோட்டார் அநேகமாக நுழையாத படகுப் பிரதேசமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் போகப் பெர்மிட் வேண்டும், குறிப்பிட்ட இடங்களில்தான் தங்கலாம். நாங்கள் போனது அதற்கு வெளியே.

வெளியே என்ன விதி என்று கேட்டால், அதிகம் இல்லை என்பதுதான் பதில். "டிஸ்பர்ஸ்டு கேம்பிங்" என்று பெயர். சிதறித் தங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, கேட் கிடையாது, காவலாளி கிடையாது. குழாய், கக்கூஸ், மேஜை, குப்பைத் தொட்டி இவையும் கிடையாது. எந்தெந்தக் காட்டு ரோட்டில் வண்டி ஓட்டலாம் என்று ஒரு வரைபடம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து, ரோட்டை மறிக்காமல் வண்டியை ஓரம் கட்டி, ஏற்கெனவே யாரோ தங்கித் தரை கெட்டிப்பட்டிருக்கும் இடமாகத் தேடி, கூடாரம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இம்மாதிரித் தேசியக் காடுகள் பெரும்பாலானவற்றில் ஒரே இடத்தில் 14 நாள் வரை இருக்கலாம்.

அழைத்துப் போவதில் பிள்ளைக்குத் தயக்கம் இருந்தது. எனக்கு அப்போது 74. என் மனைவிக்கு நாலு வருஷம் முன்பு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "செல்போன் சிக்னல் கிடையாதுப்பா, அம்மாவை அழைச்சுண்டு போறது சரியா?" என்றான். இங்கே நமது கார்டியாலஜிஸ்டிடம் வீடியோவில் கேட்டோம். நடை, படி ஏறுதல் எல்லாம் சகஜமாக இருப்பதால் ஆட்சேபம் இல்லை, மருந்து தவறக்கூடாது என்றார். அதன் பிறகும் அவன் யோசித்தான். மனைவிதான் முடிவு சொன்னாள்: "உங்காத்து சோஃபாவில் உட்கார்ந்திருந்தாலும் ஆயுசு கணக்கு மாறாது." கூடாரத்தைப் பின்கட்டுப் புல்வெளியில் போட்டு ஒத்திகை பார்த்தபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஏன்னா, இதுக்குப் பூட்டு எங்கே?" என்பது. நாற்பத்தைந்து வருஷமாக ராத்திரி தாழ்ப்பாளை இரண்டு தரம் சரிபார்ப்பவள்.

நாங்கள் கண்டுபிடித்த இடம் ஒரு சிறு ஏரியிலிருந்து நூறு கஜம் தள்ளி. சுற்றிலும் பால்சம் ஃபர், ஸ்ப்ரூஸ், வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள். ஆஸ்பென் இலை எல்லாம் மஞ்சளாகிவிட்டிருந்தது. டாமராக் என்று ஒரு மரம், ஊசியிலை வகையைச் சேர்ந்தது, ஆனால் இலையுதிர் காலத்தில் ஊசிகள் பொன்னிறமாகி உதிர்ந்துவிடும். கல்லூரியில் படித்ததை 55 வருஷம் கழித்து நேரில் பார்த்தேன். ஜாக் பைன் என்று இன்னொன்று. அதன் காய்களில் பல பிசினால் ஒட்டிக்கொண்டு மூடியே கிடக்கும். நெருப்பின் சூடு பட்டால்தான் திறந்து விதை விழும். ஜூன் மாதம் கொசுவும் கறுப்பு ஈயும் பிடுங்கித் தின்னும் என்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் தொல்லை இல்லை, ஆனால் ராத்திரி 3 டிகிரி.

சில லௌகீக விஷயங்களைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வயசுக்காரர்கள் தனியாகக் கேட்பதெல்லாம் இதுதான். தண்ணீர் ஏரியிலிருந்துதான். சதுப்பு நிலத்துச் சாறு கலந்து வருவதால் இளம் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். நிறத்தால் கெடுதல் இல்லை. ஜியார்டியா என்ற கிருமிதான் வயிற்றுக்கு எமன். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஏரியில் இறங்கிக் குளிக்கலாம், ஆனால் சோப்பு கூடாது. பாத்திரம் கழுவுவதும் ஏரியில் கூடாது. தண்ணீரை மொண்டு 200 அடி தள்ளி எடுத்துப் போய்க் கழுவிப் பரவலாகக் கொட்ட வேண்டும். கொல்லைக்குப் போவதும் அதே 200 அடிக்கு அப்பால், ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்டி. இதைவிட ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று நினைப்போம், கிடையாது. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். குந்தி உட்காரும் வித்தை நமக்குத் தெரியும், முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே! பேரன் விழுந்து கிடந்த ஒரு கட்டையைப் பார்த்து வைத்து "தாத்தா சிம்மாசனம்" என்று பெயர் சூட்டினான். ராத்திரி இரண்டு தரம் எழுந்திருக்கிறவர்கள் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு புளி அவல், உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி. இங்கேதான் கரடி வருகிறது. கருங்கரடி அநாவசியமாக மனுஷன் மேல் பாயாது, ஆனால் மோப்பம் அபாரம். ஆகவே சாப்பாட்டுச் சாமான், குப்பை, பற்பசை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி, தரையிலிருந்து 12 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து ஆறடி விலகித் தொங்கவிட வேண்டும். கரடி பெருங்காயத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்று மாட்டுப்பெண்ணுக்குப் பெரிய சந்தேகம். அது வராததால் தீரவில்லை. சார்பிட்ரேட் மாத்திரையை மட்டும் மனைவியின் தலைமாட்டிலேயே வைத்தோம்.

அடுத்தது நெருப்பு. விறகு ஊரிலிருந்து கொண்டுவருவதை அங்கே விரும்புவதில்லை. எமரால்டு ஆஷ் போரர் என்ற ஆசிய வண்டு 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் இருக்கும். விறகுக் கட்டோடு ஊர் ஊராகப் பயணம் போய்க் கோடிக்கணக்கில் ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. அதனால் அங்கேயே செத்து விழுந்த குச்சிகளைப் பொறுக்கினோம். விழுந்து கிடந்த பிர்ச் பட்டை ஈரத்திலும் பற்றிக்கொள்கிறது.

மூட்டுவதைவிட அணைப்பதில்தான் என் பிள்ளை அதிக நேரம் எடுத்துக்கொண்டான். எட்டரை மணிக்கே, குளிர் ஏறும் சமயத்தில், எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்ச, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். கரண்டியால் கிளறினான், மறுபடி ஊற்றினான், கடைசியில் வெறுங்கையால் சாம்பலைத் தொட்டுப் பார்த்தான். ஏன் இவ்வளவு என்றால், சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. மேலே நனைந்து கறுத்திருக்கும், அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் காட்டில் பாறைமேல் கொஞ்சமே மண், அதிலும் பாதி மக்கிய இலை. தரைக்குள்ளேயே புகைந்துகொண்டு போய் வேறோரிடத்தில் எழும்பும். 2007 மே 5-ந்தேதி, அந்தக் காட்டின் கிழக்குப் பகுதியில் ஹாம் லேக் என்ற இடத்தில் ஒரு முகாம் நெருப்பிலிருந்து பிடித்த தீ, கனடாவுக்குள்ளும் போய், சுமார் 75,000 ஏக்கரை எரித்தது. நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. மூட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் விவரம் தெரியாத விடலை இல்லை, அறுபது தாண்டியவர், பல வருஷமாக அதே காட்டுக்கு வந்து பழகியவர். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அன்றிரவு இரண்டு மணி இருக்கும். மனைவி என்னைத் தட்டி எழுப்பி, மார்பு அடைக்கிறாப்போல் இருக்கு என்றாள். மாத்திரையை நாக்கின் கீழ் வைத்தோம். சாட்டிலைட் வழியாகச் சேதி அனுப்பும் கைக்கருவி ஒன்று பிள்ளையிடம் இருந்தது. அதில் அபாயப் பொத்தானை அழுத்தலாமா, நாமே காரில் கிளம்பலாமா என்று ஒரு நிமிஷம் பேசினோம். உதவி எங்கள் ரோட்டைத் தேடி வந்து, திரும்பியும் போக வேண்டும். கார் அங்கேயே இருக்கிறது, வண்டியை ரோட்டைப் பார்த்தபடிதான் நிறுத்தியிருந்தான். கிராண்ட் மரே ஊரில் சிறிய ஆஸ்பத்திரி உண்டு, சுமார் ஒரு மணி நேரம். ஐந்தே நிமிஷத்தில் ஐந்து பேரும் வண்டியில். வழியில் நெருப்பு நினைவே யாருக்கும் வரவில்லை, உணவு மூட்டை நினைவும் வரவில்லை. அணைத்தது அணைத்தது, கட்டினது கட்டினது. இருட்டில் மான் குறுக்கே வருமோ என்று மட்டும் பயந்துகொண்டு போனோம். அந்த ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பின்சீட்டில் பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஈசிஜி சரி. ரத்தப் பரிசோதனை சரி. சில மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது ரத்தமும் சரி. குளிரும் அஜீரணமும்தான் என்றார் டாக்டர். காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்து, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றான் பிள்ளை. நானும் அதே அபிப்பிராயம்தான். அவள் டாக்டரிடமே திரும்பிப் போய், இன்னொரு ராத்திரி இருக்கலாமா என்று தன் இங்கிலீஷில் கேட்டாள். ராத்திரி லேசாகச் சாப்பிட்டு, கூடுதல் கம்பளி போட்டுக்கொண்டால் தடையில்லை என்றார். "கதவில்லாத ஆத்தை அப்படியே போட்டுட்டு வந்திருக்கோம், ஒரு சாமானாவது போயிருக்கான்னு பார்க்க வேண்டாமா?" என்பது அவள் எங்களுக்குச் சொன்ன காரணம். ஒரு ஸ்பூன்கூடப் போகவில்லை. அன்று சாயங்காலம் ஏரிக்கரைப் பாறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வட்டாரத்துப் பாறைகளுக்கு நூறு கோடி வருஷத்துக்கு மேல் வயது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று கூவிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியபின் கொஞ்சம் படித்தேன். அமெரிக்க வன இலாகா 1905-ல் ஏற்பட்டது. முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. அவர் இளைஞராக ஐரோப்பாவில் காட்டியல் படிக்கப் போனபோது வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். யார் இந்த பிராண்டிஸ்? பர்மா தேக்குக் காடுகளை நிர்வகித்துவிட்டு, 1864-ல் இந்திய வன இலாகாவின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக ஆனவர். நம் சென்னை ராஜதானிக் காடுகளையும் சுற்றிப் பார்த்து 1880-களில் ஆலோசனை கொடுத்தவர். ஒரே குருவின் இரண்டு சிஷ்யப் பரம்பரை. இங்கே 1927-ம் வருஷத்துச் சட்டப்படி ரிசர்வ் காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே வா, தங்கு, குப்பையை எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள்.

உடனே "பார்த்தேளா, அந்த ஊர் ஜனங்கள்!" என்று ஆரம்பிப்பவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. மினசோட்டா இரண்டேகால் லட்சம் சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை அறுபது லட்சத்துக்கும் குறைவு. நாம் இருக்கும் மகாராஷ்டிரம் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 2011 கணக்கில் 11 கோடிக்கு மேல். இங்கே இதே விதியைப் போட்டால் தாடோபாவில் ஒரு புலி நிம்மதியாகத் தூங்காது. தவிர அந்தக் காடும் காலி மனையாகக் கிடந்ததில்லை. ஓஜிப்வே பழங்குடியினரின் பூமி. 1854 ஒப்பந்தத்தில் நிலம் கைமாறியது. வேட்டை, மீன்பிடிப்பு, சேகரிப்பு உரிமைகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றும் உண்டு. ஏரிகளில் தானாக விளையும் ஒரு வகைக் காட்டு அரிசியைப் படகில் போய்க் குச்சியால் தட்டி எடுக்கிறார்கள். கறுப்பாக நீளமாக இருக்கும், வேக முக்கால் மணி நேரம் ஆகும், தயிர் சாதத்துக்கு உதவாது.

கடைசியாக இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரி பில் பல ஆயிரம் டாலர். ஏற்கெனவே உள்ள வியாதி என்று கம்பெனி முதலில் கையை விரித்தது. பாலிசியில், பழைய வியாதி திடீரென்று தீவிரமானால் ஒரு வரம்பு வரை உண்டு என்று சிறிய எழுத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதை மேற்கோள் காட்டியும், இது இருதயமே இல்லை என்ற டாக்டர் குறிப்பை இணைத்தும், ஏழு மாதம் எழுதி எழுதிப் பெரும்பகுதியை வாங்கினேன். சர்க்கார் உத்தியோகம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. விசிட்டர் பாலிசி வாங்குகிறவர்கள் அந்த ஷரத்து இருக்கிறதா, எந்த வயது வரை, எவ்வளவு தொகை என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். பாலிசியின் நகலைக் கொண்டுவந்திருக்கிறேன், காபிக்குப் பிறகு வேண்டியவர்கள் பார்க்கலாம்.