வரவேற்கும் துணி



வகுப்புத் தோழிகள் மூவர் சேர்ந்து சிறிய விருந்தினர் விடுதியொன்றைத் தொடங்கினோம். சுவரெல்லாம் வெள்ளை, யன்னல்களுக்கு மலிவான பளபளப்புத் திரை. வந்தவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டியை வைத்ததும் வெளியே போய்விடுவார்கள். அறையில் இருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு, 1960களின் கடைசியில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலைப் பார்க்கப் போனோம். படியேறி வரவேற்பு மண்டபத்துக்கு வந்தால், தலைக்கு மேலே ஈனா டி சில்வாவின் பத்திக் விதானம் பல நிறங்களில் விரிகிறது. நல்லநாள் பெருநாளில் வீட்டுக்குள் மேலே வெள்ளை கட்டும் எங்கள் வழக்கம் நினைவுக்கு வந்தது. மேலே துணி வந்தால் கூரை பணிகிறது, எதிரொலி அடங்குகிறது, வந்தவர் மனம் ஆறுகிறது.

திரும்பி வந்து யன்னல்களுக்குக் கைத்தறிப் பருத்தி போட்டோம். வெயில் அதனூடாக மெல்ல வடிந்தது. மேற்கு வெயில் அடிக்கும் அறைக்கு நீலமும் பச்சையும். வெளிச்சம் குறைந்த அறைக்கு மஞ்சளும் காவியும். ஓர் அறைக்கு இரண்டு நிறம் போதும். மூன்றாவது நிறம் தலையணையில் மட்டும். இப்போது பின்னேரத் தேநீரை அறைக்கே கேட்கிறார்கள்.

கைத்தறி விலை கூடத்தான். ஆனால் மருதமுனை போன்ற ஊர்களில் தறியில் இருப்பவர்களுக்கு அது அடுப்பெரியும் காசு. எங்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுத்தந்த கல்லூரி இது. நூற்றாண்டுக்கு மண்டபத்தில் புதுத் திரை போடவேண்டும் என்கிறார்கள். அதைத் தறியிலிருந்தே எடுப்போம், சகோதரிகளே.