முதிர்ந்த மாணாக்கர்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் உபகாரச் சம்பளம் 25 பிராயத்திற்கு மேற்பட்டார்க்கு இல்லையென்பது விதி. பகலிற் கணக்கெழுதி இரவிற் படித்து, பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறிய 40 வயதினர் ஒருவர், ஆராய்ச்சி மாணவராய்ச் சேரக் கட்டணம் வேண்டி விண்ணப்பித்தார். அது தள்ளுண்டது. "இனிப் படித்து யாது பயன்?" என்று சிலர் நகைத்தனர். அந்நகைப்பே என்னை இன்று பேசத் தூண்டிற்று.

இங்கிலாந்திலே பிரையன் மே என்பார் ஒருவர் உளர். 1947-இல் பிறந்தவர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பௌதிகம் கற்று, 1970-இல் வானநூல் ஆராய்ச்சியிற் புகுந்தார். வைகறைக்கு முன்னும் அந்தி மறைந்த பின்னும், இராசி மண்டலத்தையொட்டி மங்கிய ஒளியொன்று கூம்பு வடிவாய்த் தோன்றும். கிரகங்கள் இயங்கும் தளத்திற் பரந்த நுண்ணிய தூசியிற் பட்டுச் சிதறும் சூரியவொளியே அது. (விளக்குகள் மலிந்த நம் நகரங்களில் அதனைக் காண்டல் அரிது.) தூசி நம்மை நோக்கி வரின் நிறமாலைக் கோடு நீலப்பக்கமும், அகலின் சிவப்புப்பக்கமும் சிறிது நகரும். அந்நகர்ச்சியை அளந்து தூசியின் வேகத்தைக் கணித்தலே அவர் மேற்கொண்ட பணி. தெனெரீஃப் தீவின் மலைமேலிருந்து அதனைச் செய்தார்.

கட்டுரை முடியுமுன் அவருடைய குவீன் என்னும் இசைக்குழு புகழெய்தவே, கிதார் வாத்தியத்தோடு போய்விட்டார். முப்பதாண்டிற்கு மேற் கழிந்தது. 2006-இல் அக்கல்லூரியிலேயே மீண்டும் மாணவராய்ப் பதிந்து, 2007-இல் தம் 60-ஆம் பிராயத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பழைய ஏடுகளைத் தூசு தட்டிக் கொடுத்துவிட்டார் என எண்ணற்க. இடையிற் பிறர் கண்டவற்றையெல்லாம் கற்கவேண்டியிருந்தது. 1983-இல் ஐராஸ் என்னும் விண்கலம் அத்தூசியிற் பட்டைகள் உளவெனக் காட்டியிருந்தது. அவர் எடுத்த பொருளில் அவ்விடைக்காலத்து உழைத்தோர் சிலரே. அது அவர் நல்லூழ். விரைந்து வளரும் துறையாயின் பழைய அளவுகள் செல்லாக்காசாகியிருக்கும். ஆதலின் முதிர்ந்து வருவோர் துறை தேர்வதிற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் கணக்கர்க்கும் இதனையே கூறினேன்.

மே அவர்கள் பெருஞ்செல்வர். நம் கணக்கர்க்கோ மனைவி, மக்கள், வீட்டுக்கடன். தந்தையின் கையை எதிர்பார்க்கும் வாய்ப்பும் இளைஞர்க்கே உண்டு, இவர்க்கு அதுவுமில்லை. இளையோர்க்கு ஈந்தது நெடுங்காலம் பயன்தரும் என்பார் கூற்றைப் பொய்யென்னேன். நம் நிதியும் சிறிது. எனவே அந்நிதியைத் தொடவேண்டா. பிராயம் நோக்காது தகுதியே நோக்கும் தனிநிதியொன்று காண்போம். என் ஒரு திங்கட் சம்பளத்தை இன்றே பொக்கிஷதாரரிடம் செலுத்துகின்றேன். அவ்விண்ணப்பம் செயலாளர் அவர்களிடம் இன்னும் உளது. இக்கூட்டம் கலையுமுன் அதனை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.