வெயில் வேளையில் கறிக்கோழி

என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தான். அவன் தாயார் லயத்தின் பின்னால் வளர்த்த 30 கறிக்கோழிகளில் 9 கோழிகள் ஒரே பிற்பகலில் மாண்டுவிட்டன. "யாரோ கண் வைத்துவிட்டார்கள், சார்" என்றான். கண்ணேறு அல்ல, வெயிலே காரணம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தின்ற தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கிறது. ஆகவே விடியற்காலையிலும் மாலையிலும் தீனி வையுங்கள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தீனித் தொட்டி காலியாக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

தின்னும் நேரம் குறைவதால் தீனியில் சக்தி கூட வேண்டும். கொழுப்பு, மாவுப் பொருளைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தரும். செரிக்கையில் சூடும் குறைவு. 10 கிலோ தீனியில் 200 கிராம் செம்பனை எண்ணெயைப் பிசறினால் போதும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் ஆகாது.

மூச்சிரைக்கும் கோழியின் உடலில் உப்புச் சத்து குறையும். தீவனக் கடையில் கிடைக்கும் உப்புச் சத்து, வைட்டமின் சி கலந்த பொடியை, உறையில் குறித்த அளவில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் நிழலும் காற்றும் இல்லாத கூட்டில் எந்தப் பொடியும் உதவாது.

அந்தத் தாயார் இப்பொழுது பால்வெட்டுக்குப் புறப்படுமுன் தீனி வைத்துவிடுகிறார். பள்ளி விட்டதும் தண்ணீர் மாற்றுவது பையனின் வேலை. எஞ்சிய கோழிகளை விற்றுத்தான் அவனுக்குப் பள்ளிக் காலணி வாங்கினார்கள்.