உலக்கையிலிருந்து ஒரு பேனா

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

"மரத்துல பேனா செய்யறீங்களே, அதுல அப்படி என்ன கஷ்டம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு ஒரே ஒரு பேனாவைப் பத்திச் சொல்றேன். அதுலயே பதில் வந்துடும்.

நான் வேலை பார்க்கிறது ஐ.டி.யில். சனி, ஞாயிறு மட்டும் மொட்டை மாடி ஷெட்டில் ஒரு சின்ன லேத் வச்சு கடைசல் வேலை. கெட்டியான மரம்னா எனக்குப் பைத்தியம். புளிய மரத்தோட வைரம், ஈட்டி, கருங்காலி. மரத்துக்கு நடுவுல கருத்து இறுகிக் கிடக்கிற பகுதியைத்தான் வைரம்னு சொல்வாங்க. பேனாவுக்கும் கருங்காலிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ரப்பரோட கந்தகம் சேர்த்து இறுக்கிச் செய்யற பொருள் எபோனைட். நம்ம திருவள்ளூர்ல இன்னைக்கும் அதுல கையால பேனா கடையறாங்க. எபோனின்னா கருங்காலி. அதைப் போலவே கருப்பா, கெட்டியா இருந்ததாலதான் அந்தப் பேரே வந்தது.

சரி, கதைக்கு வர்றேன். ஒரு பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தாங்க. "அண்ணா, தென்காசிப் பக்கம் எங்க ஆச்சி வீட்டை விக்கிறோம். உடைஞ்ச உலக்கை ஒண்ணு கிடக்கு. அம்மா டீச்சர், இந்த மாசம் ரிடயர் ஆகறாங்க. அதுல ஒரு பேனா செஞ்சு தருவீங்களா?"

உலக்கை வந்தது. ஒரு முனையில் இரும்புப் பூண். நடுவில், கை பிடிக்கிற இடம் மட்டும் தேய்ஞ்சு மெலிஞ்சு, எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளன்னு இருந்தது. கருங்காலின்னு அவங்க வீட்டில் சொல்லி வச்சிருக்காங்க. ஒரு துண்டை அறுத்து பக்கெட் தண்ணியில் போட்டேன், நேரா அடிக்குப் போயிடுச்சு.

பேனா அந்தக் கைப்பிடி பாகத்திலிருந்துதான் வரணும்னு எனக்கு ஆசை. அஞ்சு அங்குலம் வெட்டி, நீளவாக்கில் நாலா அறுத்தேன். மூணு துண்டில் உள்ளுக்குள்ளேயே விரிசல். மிச்சம் ஒண்ணு.

பேனாவுக்கு முதல் வேலை நடுவில் துளை போடறது. அந்தத் துளையில் பித்தளைக் குழாயை ஒட்டி, அதுக்கு மேல இருக்கிற மரத்தைத்தான் கடையணும். இந்த மாதிரி மரத்தில் துளை போடும்போது சூடுதான் எதிரி. கொஞ்சம் உள்ளே போகணும், வெளியே எடுத்துத் தூளை உதறணும், ஆற விடணும், மறுபடி போகணும். எனக்கு இது நல்லாவே தெரியும். ஆனா அன்னைக்கு ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி, மறுநாள் ஆபீஸ். கடைசி அரை அங்குலத்தை ஒரே மூச்சில் அழுத்திட்டேன். "டிக்"னு ஒரு சத்தம். பக்கவாட்டில் முடி மாதிரி ஒரு கோடு.

லேத்தை நிறுத்திட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். வேற மரத்தில் செஞ்சு கொடுத்தா யாருக்குத் தெரியும்? பொய் சொல்ல மாட்டேன், அந்த நினைப்பு வந்தது. பத்து நிமிஷம் கழிச்சு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவங்க பேசவே இல்லை. அப்புறம், "ஆச்சியே ரெண்டு தடவை பூண் மாத்தி ஓட்டின உலக்கைதான் அண்ணா. ஒட்ட முடியும்னா ஒட்டுங்க"ன்னாங்க.

ஒட்டலாம். அதே மரத்தூளை விரிசலில் அடைச்சு, மேலே நீர்த்த சூப்பர் குளூ விடணும். தூளுக்காகத் துண்டைக் கையில் எடுத்தப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. லேத்தில் மாட்டினா முதல்ல உதிரப்போறதே அந்தப் பளபளப்பான வெளிப்புறம்தான். ஆச்சி கை பட்ட இடம் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். இத்தனை நாளா இதை நான் யோசிக்கவே இல்லை.

அதனால அந்த ஒரு பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்ச்சு, தூளைக் காகிதத்தில் பிடிச்சேன். மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான். கருங்காலித் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. அந்தத் தூள்தான் விரிசலுக்குள்ள போச்சு. ஒரு நாள் காய விட்டு, உளியைத் தீட்டித் தீட்டிக் கடைஞ்சேன். உப்புத்தாள் 400-ல் ஆரம்பிச்சு 2000 வரைக்கும், ஒவ்வொரு தடவையும் ஆற விட்டு. கடைசியா வெறும் மெழுகு. உள்ளே சிவப்பு ரீஃபில்.

உத்துப் பார்த்தா அந்தக் கோடு இன்னும் தெரியும். பேனாவைக் கொடுக்கும்போது அது எதுன்னு காட்டித்தான் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி, முதல்ல அந்த இடத்தைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாங்களாம்.

உங்க ஊர் வீட்டிலும் உடைஞ்ச உலக்கையோ மத்தோ மூலையில் கிடக்கலாம். அடுப்புக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு நுனியை அறுத்து உள்ளே என்ன நிறம்னு பாருங்க. பார்த்துட்டு எனக்கும் எழுதுங்க. அடுத்த வாரம் பேசுவோம்.